கால் கிலோ உதிரி மல்லி

தாய்ப்பால் கொடுப்பது எப்படி என்று நான் ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்திய காலத்தில் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இருபத்திரண்டு வயது. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிராம சேவிகா உத்தியோகம். கிராமத்துப் பெண்களுக்குப் புகையில்லா அடுப்பு போடவும் பிள்ளை வளர்க்கவும் சொல்லித் தருவதுதான் வேலை. அடுப்பாவது எனக்குக் கொஞ்சம் தெரியும். பிள்ளை விஷயத்தில் என் அனுபவமெல்லாம் பயிற்சி நிலையத்தில் எழுதிக்கொண்ட எண்பது பக்க நோட்டு ஒன்றுதான்.

கூடவே சர்க்கார் கொடுத்த சாமான்கள். ஒரு செல்லுலாய்டு பொம்மை, நீலக் கண், செம்பட்டை முடி. குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசு. கெட்டி அட்டையில் படங்கள். அந்தப் படத்தில் ஒரு வெள்ளை வெளேரென்ற அம்மாள் நாற்காலியில் சாய்ந்து பால் கொடுப்பாள். அவள் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் மணி பத்து காட்டும். பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துக் குப்பங்களில் எனக்குத் தெரிந்து நாற்காலியும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. அதனால் என்ன, நான் குச்சியை வைத்துக் கடிகாரத்தைக் காட்டுவேன். "காலையில் ஆறு மணி, அப்புறம் பத்து, அப்புறம் இரண்டு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம். பக்கத்துக்குப் பத்து நிமிஷம். தெரிகிறதா?"

ஒரு தடவை ஒருத்தி கேட்டாள். "எட்டு மணிக்கே அய்தா இன்னா பண்றது டீச்சரம்மா?" (கஞ்சி போட்ட புடவையும் தோளில் பையுமாக யார் போனாலும் அங்கே டீச்சரம்மாதான்.)

"பத்து மணி வரைக்கும் அழட்டும். நுரையீரல் பலப்படும்" என்றேன். இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன், வேறு வழியில்லை.

அன்று அதே கூட்டத்தில் கடைசியாக, பந்தல் காலில் சாய்ந்தபடி கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். கவரைப்பேட்டைக்கு மீன் கூடையோடு வருகிறவள், நான் குடியிருந்த தெருவுக்கும் வருவாள் என்பதால் முகம் தெரியும். மார்பைப் பழைய சீலைத் துணியால் இறுக்கிச் சுற்றியிருந்தாள். மீன் நாற்றம் வீசும் இடத்தில் மல்லிகை வாசனை வந்தது.

"உடம்புக்கு என்ன கன்னியம்மா?"

"மார்ல பால் கட்டிக்கினு கல்லாட்டம் கீதுங்கம்மா. மல்லிப்பூ வெச்சிக் கட்டிக்கினு கீறேன். ரெண்டு நாள்ல கம்முனு ஆயிடும்."

எனக்கு உதாரணம் கிடைத்த சந்தோஷம். நான் மற்றவர்கள் பக்கம் திரும்பினேன். "பார்த்தீர்களா? குழந்தைக்கு நேரத்துக்குக் கொடுக்காமல் சோம்பல்பட்டால் இப்படித்தான் கட்டும்."

"சரிங்கம்மா" என்றாள் கன்னியம்மா. மற்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். என் பாடம் உறைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அன்றைய டைரியில் எழுதினேன்: 'பால்கட்டுக்கு மல்லிகைப் பூ வைத்துக் கட்டுதல். நாட்டு வைத்தியம். பலன் உண்டு.' மாதாந்திரக் கூட்டத்தில் மேலதிகாரியம்மாள் அதை வாசித்துக் காட்டி, "இப்படி ஜனங்களோடு கலந்து பழகித் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று மெச்சினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். வீட்டுக்காரர் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, தினமும் ரயிலில் போய் வருவார். அடுத்த வருஷமே பெண் குழந்தை பிறந்தது. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவதுதான் ஊர் வழக்கம். நான் போகவில்லை. என் தராசும் டைம்பீஸும் கவரைப்பேட்டையில் இருக்க, செவ்வாப்பேட்டையில் அம்மா வீட்டில் போய்க் கண்டபடி பிள்ளை வளர்க்க முடியுமா? அம்மாதான் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். (முதல் இரண்டு நாள் மஞ்சளாக வந்த பாலைத் துணியில் பிழிந்து எறிந்தாயிற்று. பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டால் சீம்பாலுக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கும் என் நோட்டுக்கும் ஒற்றுமை இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.) வந்ததும் டைம்பீஸைத் தலைமாட்டில் வைத்தேன். ஆறு, பத்து, இரண்டு. குழந்தை எட்டு மணிக்கே அழுதது. எட்டரைக்கும் அழுதது. அம்மா கைகளைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"சரசு, எடுத்துக் குடுடி. தொண்ட காஞ்சி போவுது."

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்மா."

"கொய்ந்தைக்கு மணி பாக்கத் தெரியுமாடி?"

"பழகிக்கொள்ளும்" என்றேன். பத்து மணிக்கு அலாரம் அடித்தபோது குழந்தை அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்தது. எழுப்பினால் எழவில்லை. அந்த வேளை போயிற்று. அடுத்த வேளையும் இதே கதை. நாலாம் நாள் காலையில் என் மார்பு இரண்டும் அம்மிக் குழவி மாதிரி கனத்துக் கிடந்தன. ரவிக்கை பட்டால் உயிர் போயிற்று. குழந்தையைப் பக்கத்தில் கொண்டுவந்தால் அதனால் வாய் வைக்கவே முடியவில்லை. அது அழுதது. நானும் அழுதேன்.

அழுகைக்கு நடுவிலும் என் படிப்பு என்னைக் கைவிடவில்லை. டைரியை எடுத்துவரச் சொன்னேன். 'பலன் உண்டு' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்: மெட்ராஸில் பூக்கடையில் கால் கிலோ உதிரி மல்லி.

அம்மா தடுத்தாள். "பச்ச ஒடம்புக்காரி மல்லி வெக்கக் கூடாதுடி."

"ஏன் கூடாது?"

"ஏன்னு தெரியாது. கூடாதும்பாங்க."

"காரணம் தெரியாத வழக்கத்துக்குத்தான் மூடநம்பிக்கை என்று பெயர்" என்றேன். அம்மா வாயை மூடிக்கொண்டாள். படித்த பெண்ணைப் பெற்றவர்களுக்கு வேறு என்ன கதி.

முதல் நாள் கட்டினோம். குளுகுளுவென்று இருந்தது. இரண்டாம் நாள் வலி குறைந்தது. மூன்றாம் நாள் வீக்கமும் வடிந்துவிட்டது. வைத்தியம் பலிக்கிறது என்று விடாமல் கட்டினேன். சாயங்காலம் தவறாமல் கால் கிலோ வந்து இறங்கியது. ரயிலில் என் வீட்டுக்காரர் வாழையிலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட வருகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெண்டாட்டி பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள், தலையில் பூ வைக்க மாட்டாள். அப்படியானால் தினமும் இவ்வளவு பூ எந்த வீட்டுக்கு?

தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி அம்மாவிடம் கேட்டே விட்டாள். "மாப்ள தெனமும் பூ வாங்கினு வர்றாராமே, யாருக்குமா?" உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை மானம் போகும். அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு மாப்பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டாள். அவருக்குப் பொன்னேரியில் இன்னொரு குடும்பம் இருந்ததாக அந்தத் தெருவில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் குழந்தை? அது உறிஞ்சிப் பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வீல் என்று கத்தும். வலி போன வழியிலேயே பாலும் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. டப்பாப் பால் வாங்கிக் கரைத்துக் கொடுத்தோம். வயிற்றாலே போயிற்று. எட்டாம் நாள் என் கொக்கித் தராசில் அவளைத் தொங்கவிட்டேன். பிறந்த எடையைவிட ஒரு ராத்தலுக்குக் கிட்ட, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, குறைந்திருந்தாள். ஊரிலுள்ள தாய்மார்களையெல்லாம் நான் மிரட்டிய தராசு அது. கால்கள் குச்சியாக இருந்தன, தொடைத் தோல் மடிந்து தொங்கியது. அன்று எனக்குப் பயம் வந்தது. இவள் பிழைக்காமல் போய்விடுவாளோ என்ற பயம். அதை வாய்விட்டுச் சொல்லக்கூட நான் விரும்பவில்லை, ஏனென்றால் அடுத்த கேள்வி 'யாரால்?' என்று வரும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குப்பத்தில் நான் பாடம் நடத்திய மாதர் சங்கத்துப் பெண்கள் நாலு பேர் டீச்சரம்மா குழந்தையைப் பார்க்க வந்தார்கள். கன்னியம்மா எனக்கென்று பால்சுறா கொண்டுவந்திருந்தாள். அதைப் புட்டு செய்து தின்றால் தாய்க்குப் பால் ஊறும் என்பது அவர்கள் கைகண்ட வழி. உள்ளே நுழைந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாமா, மல்லி வாசன வருது?"

நான் பெருமையாகவே சொன்னேன். "நீ சொல்லிக் கொடுத்ததுதானே கன்னியம்மா. பால் கட்டினால் மல்லிப்பூ வைத்துக் கட்டலாம் என்று. டைரியில் எழுதியே வைத்திருக்கிறேன்."

கன்னியம்மா கூடையைக் கீழே வைத்தாள். அதுவரை என்னை 'நீங்க' என்று கூப்பிட்டவள் அந்த இடத்தில் அதை விட்டுவிட்டாள்.

"நான் எப்போமா சொல்லிக் குடுத்தேன்? எனுக்குப் புள்ள தங்கலமா. பொறந்து நாலாம் நாளு செத்துப்பூட்ச்சி. ஊறின பாலு நிக்கல, அத்த வத்த வெக்கத்தான் பூவு கட்டினேன். நீ படம் காட்ட வந்தியே, அதுக்கு மொத நாளுதான் பொதச்சிட்டு வந்தோம். உயிரோட புள்ளய வெச்சிக்கினு யாருனா மல்லி கட்டுவாங்களா?"

வீட்டுக்காரர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. காரணம் தெரியாத அம்மாவின் வழக்கத்துக்கு இப்போது காரணம் தெரிந்துவிட்டது. நான் அன்று அந்தப் பந்தலில் கன்னியம்மாவை என்ன சொன்னேன் என்பது ஒவ்வொரு எழுத்தாக ஞாபகம் வந்தது. சோம்பல் என்று சொன்னேன். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளைப் பார்த்து, நாலு பேர் நடுவில் வைத்துச் சொன்னேன். அவள் 'சரிங்கம்மா' என்றாள்.

"எனக்குத் தெரியாது கன்னியம்மா" என்றேன்.

"நீ கேக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மீன் என்ன விலை என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு நேரமும் இல்லை. பூவை உருவிக் கொல்லையில் வீசினாள். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். குழந்தையை வாங்கி, என் மடியில் சரித்து, அதன் வாய் அகலமாகத் திறக்கும் வரைக்கும் பொறுத்து, சட்டென்று மார்போடு அணைத்து வைத்தாள். பத்து மணிக்கு அலாரம் அடித்தது. டைம்பீஸை எடுத்துப் பார்த்தவள், "கடியாரமா பால் குடிக்கப் போவுது?" என்று கேட்டுவிட்டு அதை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். கொஞ்ச நேரம் அரிசிக்குள்ளிருந்து மணி அடித்தது.

"பால் வருதோ வர்லியோ, அய்ம்போதெல்லாம் வையி. அது இஸ்த்தாத்தான் ஊறும். நட்டு வெச்ச பொம்மயாட்டம் குந்தாத, சாஞ்சி குந்து."

பத்து நாள், மீன் விற்று முடித்துக் காலிக் கூடையோடு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தாள். நாஷ்டா கொடுத்தால் சாப்பிடுவாள், வேறு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு வந்த பால் பொங்கி வழிகிற பால் இல்லை. ஆனால் டப்பாவை மூடி வைக்கிற அளவுக்கு வந்தது. மூன்றாம் வாரம் தராசு முள் முதல் தடவையாக ஏறியது. கன்னியம்மா முள்ளைப் பார்க்கவில்லை. குழந்தையின் தொடையைக் கிள்ளிப் பார்த்து, "தேறிக்கினா" என்றாள்.

மறுபடி வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அந்தக் கடிகார அட்டையைக் கிழித்தேன். சர்க்கார் சாமானைச் சேதம் செய்ததற்கு மெமோ வந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற காகிதம் அது ஒன்றுதான்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் எடுக்கிற வயது. வீட்டில் யார் மல்லிகைப் பூ வாங்கி வந்தாலும் என் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரிக்காமலே கேட்பார்: "இது தலைக்குத்தானே?" வீடே சிரிக்கும். புதிதாக வந்த மாப்பிள்ளைகளுக்கு முழுக் கதையும் சொல்வார். ரயில், வாழையிலைப் பொட்டலம், பொன்னேரிக் குடும்பம், அரிசிப் பானையில் அடித்த அலாரம் எல்லாம் வரும். கன்னியம்மாவும் வருவாள், பெரிய தொண்டையோடு மீன்காரியாக, "கடியாரமா பால் குடிக்கப் போவுது?" என்று கேட்க மட்டும். அவள் குழந்தை அந்தக் கதையில் வராது. அது வந்தால் சிரிப்பு கெட்டுப்போகும் என்று அவர் விட்டுவிடுகிறார். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன், திருத்துவதில்லை.

பத்து நாள் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் பெண்ணை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அவள் பிள்ளை ஆணா, பெண்ணா என்று அப்போதும் நான் கேட்கவில்லை.