கண்ணாடி பாயும் ஒரு காக்கைக் கூடும்

கண்ணாடி வாங்க வந்தவர்களில் பாதிப் பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியும் முப்பது வருடம் கடை நடத்திய ஒரே சிங்கப்பூர்க்காரர் எங்கள் கண்ணாடி பாய்தான். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே அவர் கடை. அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை.

மற்றக் கடைகளில் கண் பரிசோதனைக்கு எழுத்துகள் இருக்கும். பாய் கடையில் பறவைகள். மேலே கழுகு, அடுத்து கொக்கு, பிறகு மைனா, கடைசி வரிசையில் நான்கு தையல்சிட்டுகள். "அதுல எது வாலத் தூக்கியிருக்கு?" என்பார். சரியாகச் சொன்னால் கண்ணாடி வேண்டாம், ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரவும். தப்பாகச் சொன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரவும்.

ஓய்வுபெற்ற மறு வருடம், கண் எரிச்சலோடு நான் போனேன்.

"என்ன சார், சரியா தூங்கலையா?"

"எங்க தூங்கறது பாய். எங்க புளோக் கீழ ஒரு குயிலு. அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிருது லா."

"பாத்திருக்கீங்களா?"

"எத?"

"குயில."

"கேட்டிருக்கேன்."

பாய் பரிசோதனை விளக்கை அணைத்தார். "அறுவத்து நாலு வயசு. குயில பாத்ததில்ல. ஒங்களுக்கு எதுக்கு சார் கண்ணாடி?"

அந்த அவமானத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் குயிலை ஒழிக்க ஒரு புகார் அனுப்பியிருந்தேன்.

மரம், வடிகால், பறவை மூன்றையும் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் புகார்களைப் பைசல் செய்தவன் நான். குயில் கூவுகிறது என்று எழுதினால் அந்தத் தாளுக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியும். காக்கைக் கூட்டில்தான் குயில் முட்டையிடும் என்று பள்ளியில் படித்தது அன்றைக்குப் பயன்பட்டது. எங்கள் அடுக்குமாடி புளோக் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்திலிருந்த காக்கைக் கூட்டைப் பிடித்துக்கொண்டேன். 'பொதுமக்கள் பாதுகாப்பு' என்று தலைப்பிட்டேன். அந்தக் காக்கையிடம் தலையில் இரண்டு முறை கொத்து வாங்கிய எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியை மிஸஸ் செல்வதுரையிடம் இன்னொரு கையெழுத்தும் வாங்கினேன். எந்த அதிகாரியாலும் நிராகரிக்க முடியாத புகார் அது.

பறவை பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்கள் புதியவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போவார்கள். பாய் தேக்கா மார்க்கெட் வாசலுக்கு அழைத்துப் போனார். முதல் பாடம் ஒரு மைனா. ஒரே மைனா, ஒரு மணி நேரம். பைனாகுலர் கிடையாது. போட்டோ எடுத்தால் போன் பாயின் சட்டைப் பைக்குப் போய்விடும். விலை உயர்ந்த கேமராவோடு வந்த ஒரு வங்கி அதிகாரி பொறுமையிழந்து கேட்டார்.

"கழுகு எப்ப பாய் காட்டுவீங்க?"

"மைனாவ ஒரு மணி நேரம் பாக்க முடியாத ஆளக் கழுகுகிட்ட கூட்டிட்டுப் போனா, கழுகுக்கு போரடிக்கும் லா."

நாற்பதாவது நிமிடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மைனா குருவி மாதிரி தத்துவதில்லை, நடக்கிறது. அதுவும் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி மாதிரி, மார்பை முன்னே தள்ளிக்கொண்டு. வாழ்நாளெல்லாம் என் காலடியிலேயே நடந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

ஐந்தாவது ஞாயிறு பாய் வகுப்பை எங்கள் புளோக்குக்கே கொண்டுவந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்து மிஸஸ் செல்வதுரையும் இறங்கி வந்தார். வெயில் இல்லை, ஆனாலும் குடை பிடித்திருந்தார். மேலே காக்கை எதையோ கொண்டுவர, கூட்டில் ஒரு கரிய குஞ்சு வாயைப் பிளந்து கத்தியது.

"குயில் குஞ்சு," என்றார் பாய். "இன்னும் பத்துப் பன்னண்டு நாள். பறந்துரும்."

"உந்தக் காகத்துக்கு அது தன்ர பிள்ளை இல்லையெண்டு தெரியாதோ?" என்று கேட்டார் மிஸஸ் செல்வதுரை.

"தெரிஞ்சா மட்டும் பட்டினி போட்டுருமா டீச்சர்?"

மிஸஸ் செல்வதுரை குடையைச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் மின்தூக்கி அருகே ஒட்டியிருந்த அறிவிப்பு பாயின் கண்ணில் பட்டது. புதன்கிழமை கூடு அகற்றப்படும்.

"எவனோ எழுதிப் போட்டிருக்கான் சார். நம்ம வகுப்புக்கு ஒரு நாள் வந்திருந்தா எழுதியிருக்க மாட்டான்."

குடைக்கு அடியிலிருந்து மிஸஸ் செல்வதுரை என்னைப் பார்த்தார். நான் அறிவிப்பின் நிறுத்தற்குறிகளைச் சரிபார்த்தேன்.

திங்கட்கிழமை புகாரைத் திரும்பப் பெற எழுதினேன். பாதுகாப்பு தொடர்பான புகாரைத் திரும்பப் பெற இயலாது என்று செவ்வாயன்று பதில் வந்தது. சரியான பதில். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

புதன் காலை பாய் கடையைப் பூட்டிவிட்டு மொத்த வகுப்போடு மரத்தடியில் நின்றார். ஏணி லாரி வந்தது. துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்த மூன்று ஊழியர்களும் மேற்பார்வையாளரும் இறங்கினார்கள். மேற்பார்வையாளர் புதுக்கோட்டைக்காரர், கையில் தாள்.

"கம்ப்ளெயின்ட் குடுத்தவரு வந்து கூட்டக் காட்டணும்னு இதுல போட்டிருக்கு," என்று சொல்லி என் பெயரைத் தலைப்பெழுத்தோடு சத்தமாகப் படித்தார்.

பாய் மெதுவாகத் திரும்பினார். மிகச் சிறிய எதையோ பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா சார்? எந்தக் கூடு?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

கூடு நேர் மேலே இருந்தது. குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. என் தோளில் ஏதோ விழுந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் அலுவலகத் தாள் எதற்கும் நான் பொய் சொன்னதில்லை.

"தெரியலையே தம்பி."

"ஒங்க தலைக்கு மேலதான் சார்."

"எனக்குக் கண்ணு சரியில்ல. இவர்தான் என் கண்ணாடிக்காரர், கேட்டுப் பாருங்க."

பாய் ஒரு விநாடி யோசித்தார். "ஆமா தம்பி. சாருக்கு ரொம்ப மோசம். நான்தான் டெஸ்ட் பண்ணேன்."

"இன்னொரு கையெழுத்து போட்ட அம்மா?"

"எனக்குக் குடை மறைக்குது," என்றார் மிஸஸ் செல்வதுரை.

பாய் தன் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி மேற்பார்வையாளரிடம் நீட்டினார். எங்களுக்கு ஐந்து வாரமாகக் கொடுக்காத பைனாகுலர். அவர் வெகுநேரம் பார்த்தார். "எங்க ஊர்லயும் இந்தக் காக்கா இப்படித்தான் பாய் ஏமாறும்," என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம் தாளை நீட்டினார். "இப்ப நான் என்னன்னு எழுதறது சார்?"

"மூணாவது கட்டம். கூடு அடையாளம் காட்டப்படவில்லை. அதுல டிக் போட்டா பதினாலு நாள் கழிச்சுத்தான் மறுபடி வர முடியும்."

"எப்படி சார் இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"அந்த ஃபாரத்தை எழுதினதே நான்தான்."

பதினோராம் நாள் காலை குஞ்சு கூட்டிலிருந்து கிளைக்கு வந்தது, தள்ளாடியது, பறந்தது. பறந்தது என்று சொல்வது மரியாதைக்காக. பக்கத்து மரத்தில் போய் மோதி ஒட்டிக்கொண்டது. நாங்கள் எட்டுப் பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம். மிஸஸ் செல்வதுரை குடையை மடக்கியிருந்தார். வங்கி அதிகாரி கேமராவை மறந்துபோயிருந்தார்.

"பாத்தீங்களா பாய்," என்று இடப்பக்கம் திரும்பினேன். அவர் குஞ்சைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் போய் மூன்று வருடம் ஆகிறது. இன்றும் புதிதாக ஒரு பறவை கண்ணில் பட்டால் முதலில் என் இடப்பக்கம் திரும்பிவிடுகிறேன். அதற்குள் பறவை போய்விடுகிறது. பரவாயில்லை.