வகிடு எந்தப் பக்கம்

பாராட்டிக்கொண்டே வந்து, வாக்கியம் முடிவதற்குள் உங்கள் முகத்தைத் தொங்கவைத்துவிட்டுப் போகிற ஒரு பிராணி உண்டு. "சூப்பரா இருக்கு. ஒரே ஒரு விஷயம் மட்டும்..." என்பது அதன் கூவல். கல்யாணப் பந்தியில் சாம்பாரைப் பற்றி இப்படிக் கூவுகிற இனத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது சமீபத்தில் தோன்றிய இனம். இது விக்குகளின் மேல் உட்கார்ந்து வாழ்கிறது.

ஜப்பானியக் கார்ட்டூன்களில் வருகிறவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு அரங்கங்களில் கூடுகிற இளைஞர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். காஸ்ப்ளே என்பார்கள். உடையைத் தைத்துவிடலாம், வாளை அட்டையில் வெட்டிவிடலாம். முடிதான் உயிரை எடுக்கும். ஆன்லைனில் வாங்கிய விக், மழையில் நனைந்த கோழி மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள் சுருண்டு வந்து சேரும். அதை வெந்நீரில் முக்கி நீட்டி, தெர்மாகோல் தலையில் மாட்டி, குண்டூசி குத்தி, முடி வரிசைகளைப் பிரித்து வேண்டிய இடத்தில் மறுபடி தைத்து, கத்தரித்து, ஸ்ப்ரே அடித்து, சென்னை வியர்வையிலும் சாயாமல் நிற்கவைக்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் ஒரு பக்கம். இதைச் செய்தவர்களுக்கு அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவர்கள் மறுபக்கம்.

கரையான்சாவடி தினகரன் இரண்டு பக்கமும் இருந்தான். அவனைப் பற்றி அதிகம் துருவாதீர்கள். அவனுடைய சட்டை எனக்கும் சரியாக இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அவன் வீட்டில் முதல் பட்டதாரி. அதற்கு அரசாங்கச் சான்றிதழே இருக்கிறது. அந்தச் சான்றிதழ் கல்லூரிக் கட்டணத்தைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. அவன் அதை மற்றவர்களைத் திருத்துவதற்கான உரிமம் என்று எடுத்துக்கொண்டான். இட்லி மாவில் உளுந்தின் விகிதம், அப்பா போனைப் பிடிக்கிற கோணம், பக்கத்து வீட்டுக் கோலத்தின் சமச்சீர், எதையும் அவன் விட்டுவைத்ததில்லை. வேலையும் தோதாக அமைந்தது. திருமழிசைத் தொழிற்பேட்டையில் தரப் பரிசோதகன். காலையிலிருந்து மாலை வரை போல்ட்டுகளை வெர்னியர் காலிப்பரால் அளந்து, பாதியைத் தள்ளுபடி செய்வான். அளவு ஒத்துப்போகாத ஒரு பொருளைப் பார்த்தால் அவன் முகத்தில் வரும் அமைதி, சாமி கும்பிடும்போதுகூட வந்ததில்லை.

வெர்னியர் வீட்டுக்கும் வந்தது. தெர்மாகோல் தலையும் வந்தது. கூடத்தில் ஃபிரிட்ஜ் மேல் வைத்தான்.

"இத்த அந்தாண்ட திருப்பி வையேன்டா. சோறு துன்ன சொல்லோ என்னையே மொறச்சிகினு கீது" என்றாள் அம்மா வடிவு.

"அதுக்குக் கண்ணே இல்லம்மா."

"கண்ணு இல்லாமயே மொறைக்குதே, அத்தான் சொல்றேன்."

அந்தத் தலையில் அவன் ஒரு வெள்ளிமுடித் தளபதியை வளர்த்தான். ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் நாயகன். ஒரு பக்கம் வகிடு, அங்கிருந்து ஒரு கண்ணை மறைத்து இறங்கும் கற்றை. அந்தக் கற்றைதான் தளபதி, மீதியெல்லாம் உடை. இதற்காகத் தினகரன் யூடியூபில் ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்தி இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் எடுத்து, வகிட்டின் தூரத்தை மில்லிமீட்டரில் குறித்து, ஒரு கோப்பே தயாரித்தான். கோப்புக்கு 'இறுதி' என்று பெயர் வைத்தான்.

கோப்பு இருந்தால் கை சும்மா இருக்குமா?

அவன் இருந்த ஆன்லைன் காஸ்ப்ளே குழுவில் நெமிலிச்சேரி கிருஷ்ணப்பிரியாவும் அதே தளபதியைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஐடி கம்பெனி வேலை, அடுக்குமாடி வீடு, சுவரில் தொடரின் அசல் போஸ்டர். அதைப் பார்த்து விக்கை முடித்துப் படம் போட்டாள். எல்லோரும் இதயம் போட்டார்கள். தினகரன் கீழே எழுதினான்: "சூப்பர். ஒரே ஒரு விஷயம் மட்டும். வகிடு எதிர்ப்பக்கம் வந்திருக்கிறது." கூடவே சிவப்பு அம்புக்குறிகளுடன் எட்டுப் படங்கள். நாற்பத்தொரு பேர் அதற்கும் விருப்பம் தெரிவித்தார்கள். கிருஷ்ணப்பிரியா போஸ்டரைப் பார்த்தாள், அம்புக்குறிகளைப் பார்த்தாள், அச்சடித்தவன்தான் தவறு செய்திருப்பான் என்று முடிவுக்கு வந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு படம் வைத்திருக்கிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? தையலைப் பிரித்தாள். மூன்று நாள் விடுப்பு எடுத்து, வகிட்டை மறுபக்கம் வைத்துத் தைத்தாள். தினகரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினான். "இப்போதுதான் சரி."

ஞாயிற்றுக்கிழமை காஸ்ப்ளே போட்டி. சனிக்கிழமை மதியம் அவன் முடி அடர்த்தியைக் குறைக்கும் பல் கத்தரியை இரவல் வாங்க முகமது ஆசிக்கின் சலூனுக்குப் போனான். பள்ளியில் ஒரே பெஞ்சு. எப்படி வெட்ட வேண்டும் என்று விளக்குவதற்காகப் போனை நீட்டினான். சலூன்காரனுக்கே முடி வெட்டச் சொல்லித்தருகிற துணிவு இந்த இனத்துக்கு உண்டு.

ஆசிக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், கடியாரம் பக்கம் மாறிக் கீது?"

"எந்தக் கடிகாரம்?"

"பின்னால கோபுரத்துல பாரு. மூணு இருக்கற எடத்துல ஒம்பது கீது. நம்பரெல்லாம் திரும்பிக்கினு கீது."

தினகரன் பார்த்தான். இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில் பாதிக்கு மேல் அந்தக் கடிகாரம் இருந்தது. அவன் முடியை மட்டுமே பார்த்திருந்தான்.

"என் கடைல கடியாரம் பின் செவுத்துல. நா நாள் பூரா கண்ணாடிலதான் டைம் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? எவனோ படத்தையே திருப்பிப் போட்டுக்கீறான். திருட்டு வீடியோ கம்பெனிக்காரன்ட்ட மாட்டாம இருக்க இப்டித்தான் பண்ணுவானுங்க."

"அப்ப வகிடு?"

"கடியாரம் திரும்பினா முடி மட்டும் திரும்பாதா மாமே?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான்? உடனே போன் செய்வான். தினகரன் முதலில் தன் பின்னூட்டத்தை அழித்துவிடலாமா என்று யோசித்தான். பிறகு, படைப்பாளி தளபதியை இரண்டு பக்கமும் வரைந்திருக்க வாய்ப்புண்டா என்று அரை மணி நேரம் தேடினான். பிறகு ஒரு செய்தி எழுதினான்: "மூலப் படத்தில் ஒரு சிறு தொழில்நுட்பப் பிழை நிகழ்ந்திருப்பதாகத் தெரியவருகிறது." எவ்வளவு அழகான வாக்கியம். அதில் ஆளே இல்லை. நிகழ்ந்திருக்கிறது, தெரியவருகிறது, தினகரன் அந்தப் பக்கமே போகவில்லை. நாள் முழுக்கப் பிறர் தவறுகளை அளக்கிறவனிடம் தன் தவறைச் சொல்ல ஒரு நேரான வரி இல்லை. நாளை அவள் தவறான தலையோடு மேடை ஏறுவாள். அதற்கு இவன்தான் காரணம் என்று இவனுக்கு மட்டும்தான் தெரியும்.

செய்தியை அழித்துவிட்டுப் போன் செய்தான்.

"சொல்லுங்க தினகரன்."

"நீங்க முதல்ல வச்சதுதான் கரெக்ட். நான் சொன்னது தப்பு."

அதோடு அவள் பேச்சிலிருந்து 'நீங்க' போய்விட்டது.

"மூணு நாள் லீவு போட்டுப் பிரிச்சேன். தெரியுமா?"

"தெரியும்."

"தம்ஸ் அப் வேற போட்ட."

"போட்டேன்."

"கிளம்பி வா. வளைஞ்ச ஊசி ரெண்டு எடுத்துட்டு வா, என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

அவுட்டர் ரிங் ரோட்டில் வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. அவள் தெர்மாகோல் தலையைப் பிடித்துக்கொண்டாள், அவன் தையலைப் பிரித்தான். அவள் கற்றையைச் சீவிக்கொடுத்தாள், அவன் தைத்தான். ஐந்து மணி நேரம். நடுவில் ஒரு முறை அவன் உதடு துடித்தது.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"இல்ல, பின்னால நீ போட்ட தையல் கொஞ்சம்..."

"தினகரன்."

"ஒண்ணுமில்ல."

ஒரு விக்குக்குத்தான் நேரம் இருந்தது. அவனுடையது தவறான வகிட்டோடு அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் சரியான தளபதியாக மேடையில் நடந்தாள், அவன் திருட்டு வீடியோவின் தளபதியாக நடந்தான். நடுவர்கள் யாருடைய வகிட்டையும் பார்க்கவில்லை. முதல் பரிசு, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் ரோபோ செய்துகொண்டு வந்த அம்பத்தூர் பையனுக்குப் போனது.

ஆனால் வெளியே கூட்டம் இவர்களைத்தான் மொய்த்தது. இருவரும் பக்கத்தில் நின்றால் ஓர் ஆளும் கண்ணாடியும் போல இருந்தார்கள். கேமராவோடு வந்த ஒருவர் நெகிழ்ந்தே போய்விட்டார்.

"கண்ணாடி கான்செப்ட் பிரமாதம் ப்ரோ. யாரோட ஐடியா?"

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். இருநூற்றுப் பன்னிரண்டு படங்களும் நாற்பத்தொரு விருப்பங்களும் ஒரே நொடியில் கலையாகிவிடும். கிருஷ்ணப்பிரியா அவனைப் பார்த்தாள்.

"கான்செப்ட் இல்லைங்க" என்றான் தினகரன். "என்னோடது தப்பு. அவங்களோடதும் என்னாலதான் நேத்து வரைக்கும் தப்பா இருந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். இவனுக்குத் தலையிலிருந்து விக்கைக் கழற்றிய மாதிரிக் காற்று பட்டது. திருந்திவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கேமராக்காரர் படம் எடுத்து முடித்துத் திரும்புவதற்குள் அவர் தோளைத் தொட்டு, வெளிச்சம் முகத்தில் விழ இரண்டடி தள்ளி நின்று எடுத்திருக்கலாமே என்று தொடங்கிவிட்டான்.

நீங்கள் அந்த மாதிரி இல்லை, சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, தினகரன் மதியமே போன் செய்திருக்கலாமே, அவள் போஸ்டரை நம்பியிருக்க வேண்டாமா, இதை எழுதியவன் இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாமே என்று உங்கள் உதடும் ஒரு முறையாவது துடித்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதி அனுப்பாதீர்கள். அனுப்பினால் பதிலில் உங்கள் கடிதத்தைத் திருத்தி அனுப்புவேன்.