குட்டையில் வாத்து இறங்கிய விவரம்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். இங்கே இன்று சாயங்காலத்திலிருந்து நானும் நலம். அதற்கு முந்தைய மூன்று நாள் நலமாக இல்லை. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன், கையெழுத்தைத் திட்டாதீர்கள். அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அத்தைக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரிந்த மாதிரி.

வீட்டுக்குப் பின்னால் நீங்கள் வெட்டிக் கொடுத்த கழிவுநீர்க் குட்டை விஷயம்தான். வெயிலும் காற்றும் பட்டால் தண்ணீர் தானாகத் தேறிக்கொள்ளும், மேலே படரும் குட்டி இலைப்பாசியை மட்டும் வாராவாரம் வாரிவிடு என்று சொல்லி, நீளக் கம்பு வலையை என் கையில் கொடுத்தீர்களே. ஞாயிறுதோறும் வாரிவிட்டுக் காலண்டரில் டிக் போடுவது என் வேலை. பரீட்சை வந்ததால் மூன்று ஞாயிறு டிக் மட்டும் போட்டேன். பாசி கரைக்குக் கரை கம்பளம் விரித்துவிட்டது, நாற்றம் வேறு. செவ்வாய்க்கிழமை சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை சுகாதார ஆய்வாளர் வருகிறார், குட்டை பாசி மூடிக் கிடந்தால் வீட்டுக் கழிவுக் குழாயை அடைத்து சீல் வைப்பார். அப்பா அசையவே இல்லை. "என் பொண்ணு பாத்துக்கறா, எனக்கென்ன கவலை" என்று பேப்பரைப் புரட்டினார். எனக்கோ அன்றிலிருந்து கழிவறைக்குப் போகவும் பயம், அதுவும் குட்டைக்குத்தானே போகும்!

புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும், பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் இரண்டு வாத்துகளை ரொட்டித் துண்டு காட்டிக் கூட்டிவந்து குட்டை வேலிக்குள் விட்டேன். பாசியைத் தின்றன மாமா, அப்படித் தின்றன! ஆனால் வெளியே வா என்றால் வரவில்லை. ஆன்ட்டி தெருத் தெருவாகத் தேடிவிட்டு என்னிடமே வந்து, "என் புள்ளைங்களப் பாத்தியாடி?" என்று அழுதார். "இல்லையே ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. நான் இருமினேன். வாத்து கத்தக் கத்த நானும் இருமினேன். அன்று ராத்திரி அம்மா எனக்கு இருமல் மருந்து கொடுத்தார். குடித்தேன்.

வாத்து நீந்தியதில் கம்பளம் கிழிந்தது, மிச்சத்தைக் காற்று ஒரு மூலையில் ஒதுக்கியது. நேற்று அங்கே நின்று வலை போட்டு வாரி முடித்தேன். காற்று ஒதுக்குற பக்கம் நின்னு வாரு என்று நீங்கள் அன்றே சொன்னதுதான். முதலிலேயே செய்திருக்கலாம்.

இன்று ஆய்வாளர் வந்தார். அப்பா வேலிச் சாவி எடுக்க உள்ளே போனபோது என்னைக் கேட்டார், "வாத்து யாருதும்மா?"

"காட்டு வாத்து சார்."

"காட்டு வாத்து கால்ல ரிப்பன் கட்டிக்குமா?"

நான் மறுபடி இருமினேன். அவர் சிரித்தார், ஒன்றும் எழுதவில்லை. "தண்ணி நல்லாருக்கு. வாத்த மட்டும் வெளிய அனுப்பு" என்று கையெழுத்துப் போட்டார். அப்பா வந்து, "ஒரு வாரம் விட்டதில்ல சார், காலண்டரப் பாருங்க" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

இருட்டும் நேரத்தில், திறந்து வைத்த வேலிக் கதவு வழியாக வாத்துகள் தாமாகவே வீடு போய்ச் சேர்ந்தன. வந்ததும் ஒன்று முட்டை போட்டதாம். ஆன்ட்டி சந்தோஷத்தில், சேர்த்து வைத்திருந்ததோடு இதையும் வைத்து எங்களுக்கு ஒரு டஜன் கொடுத்தார். அப்பா ஒன்றையும் தொடவில்லை. "உன் மாமனுக்குக் குடுத்துடலாம், பாவம், குட்டை வெட்டுன மனுஷன்" என்றார். நல்ல மனசு. யாருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லாம் முடிந்தது. இனி தலை போனாலும் ஞாயிறு தவறாது.

இருவர் காலிலும் விழுந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுண்டெலி

பி.கு.: தபால்தலைக்காக அப்பா மேசையைத் திறந்தேன். அதில் இந்த மாதக் காலண்டர் தாளைக் கிழித்து வைத்திருந்தார். என் மூன்று டிக்குக்குப் பக்கத்திலும் அப்பா கையெழுத்தில் "பொய்". புதன் கட்டத்தில் "வாத்து 2". நேற்றைய கட்டத்தில் "மகள் வாரினாள், கடைசியில்". நாளைய கட்டத்தில் "முட்டை முழுவதும் மச்சானுக்கு. காரணம் சொல்ல வேண்டாம்". மாமா, அந்த முட்டையோடு அப்பா நாளை பஸ்ஸில் வருகிறார். இந்தக் கடிதம் முந்துமா தெரியவில்லை.