கௌரவச் சுவர்

மேதைகளை வாழும் காலத்திலேயே கௌரவிப்பதில் எங்கள் தாவரவியல் பூங்காவுக்கு நிகர் கிடையாது. நிர்வாக மேலாளர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கௌரவிக்கப்பட்டவர் என் சொந்த அக்கா என்பதால், கூடுதல் அடக்கத்துடன்.

பெண்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஆராயக் கூடாது என்றிருந்த காலத்தில் இந்தத் துறைக்கு வந்த முதல் பெண் அவள். அவளுடைய 'ஆராய்ச்சி' பூவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது. பூங்காவின் பின்கோடியில், பழைய மண்சுவரை ஒட்டி ஒரு மலைக்கொடி உண்டு. அதன் முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டையும் மறந்துவிடுவாள். அந்தச் சுவரின் ஓட்டைகளில் குடியிருந்த சாம்பல் நிறத் தேனீதான் கொடிக்கு மகரந்தம் சுமக்கிறது, அது வராவிட்டால் காய் இல்லை என்பது அவள் கண்டுபிடிப்பு.

எங்கள் இயக்குநரோ, அந்த வேலையைக் காற்று செய்கிறது என்று புத்தகமே எழுதியவர். புத்தகம் அச்சாகிவிட்டதால் காற்றுக்கும் வேறு வழியில்லை.

அக்கா பூக்களுக்கு வலைத்துணிப் பை கட்டிக் காட்டினாள். பைக்குள் ஒன்றுகூடக் காய்க்கவில்லை.

"பை காத்தையும்தானே தடுக்குது?" என்றார் இயக்குநர். "காத்து இருக்கணும், தேனீ இருக்கக் கூடாது. அப்படிச் செஞ்சு காட்டுங்கம்மா, ஒத்துக்கறேன்."

"அதுக்கு அந்தக் கூட்டையே அழிக்கணும் சார். வேற எங்கயும் இந்தத் தேனீய நான் பாத்ததில்ல. நிரூபிக்கிறதுக்காக அதக் கொல்ல மாட்டேன்."

விஞ்ஞானத்துக்கு இந்த இளகிய மனசு ஆகாது என்று இயக்குநர் வருத்தப்பட்டார். நானும் உடன் வருத்தப்பட்டேன். அது என் பணிகளில் ஒன்று.

அக்கா ஓய்வு பெறும் நாள் நெருங்கியதும் 'கௌரவிப்புக் குழு' கூடியது.

"அம்மா எப்பவும் எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"சுவத்துக்கு முன்னால சார்," என்றேன்.

"அப்ப அந்தச் சுவத்துக்கே அவங்க பேர வெச்சிடுவோம்."

சுவர் இருந்த லட்சணத்தில் அதில் யார் பெயரையும் எழுத முடியாது. அக்கா வெளியூர் போன சமயம் பார்த்துக் கொத்தனாரை வரவழைத்தேன்.

"சார், ஓட்டைக்குள்ள பூச்சி போய்ட்டுப் போய்ட்டு வருது," என்றார் அவர்.

"அதனாலதான் பூசச் சொல்றேன்."

பூசி முடித்ததும் சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது. நீல வண்ணம், நடுவில் தங்க எழுத்தில் அக்காவின் பெயர். பக்கத்தில் பெரிதாக ஒரு தேனீயும் வரையச் சொன்னேன், அவளுக்குப் பிடிக்குமே என்று.

விழாவில் திரை விலகியது. எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா மேடையிலிருந்து இறங்கிப் போய்ச் சுவரைத் தடவினாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள்.

"டேய், உள்ள இருந்ததெல்லாம் எங்கடா?"

"பயப்படாதக்கா, எதுவும் வெளிய வராது. நல்ல சிமெண்ட்."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். விழா அறிக்கையில் அதை 'ஆனந்தக் கண்ணீர்' என்று பதிவு செய்தோம்.

அந்தப் பருவத்தில் கொடி பூத்துத் தள்ளியது. காற்றும் பிய்த்துக்கொண்டு அடித்தது. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. இயக்குநர் கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"காத்து இருக்கு, தேனீ இல்ல. காயும் இல்லையே," என்றார். பெரிய மனிதர், தன் புத்தகத்தையே தூக்கிப் போட்டுவிட்டார்.

அக்கா ஆயுள் முழுக்கச் செய்ய மறுத்த பரிசோதனையை, நிர்வாகம் ஒரே ஒரு கொத்தனாரை வைத்து முடித்துவிட்டது. கட்டுரை வெளியாகி, வெளிநாடுகளிலிருந்தெல்லாம் பாராட்டு வருகிறது. கண்டுபிடித்தவர்கள் இயக்குநரும் நானும்.

அக்காவின் பெயரை ஏன் போடவில்லை என்று சில பொறாமைக்காரர்கள் கேட்கிறார்கள். அதைத்தான் அந்தத் தேனீக்களின் மேல் தங்க எழுத்தில் எழுதிவிட்டோமே.