மரங்கொத்திக்குக் கிடைத்த பிரஜாவுரிமை

உலகில் எத்தனையோ குழுக்கள் கூடுகின்றன, தேநீர் குடிக்கின்றன, கலைகின்றன. ஆனால் ஒரு மரங்கொத்தியின் பூர்வீகத்தைத் துருவித் தீர்ப்புச் சொன்ன பெருமை கண்டியில் இயங்கும் எங்கள் 'பறவைப் பூர்வீக ஆலோசனைக் குழு'வுக்கே உரியது. அதன் செயலாளர் கிருஷாந்தன் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

விவகாரம் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் பாலம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணும் அவளுடைய மகளும் குடியிருந்தார்கள். அவர்களுடைய தகரக் கூரைக்கு மேலே, பாதி உளுத்துப்போன அல்பீசியா மரம் ஒன்று சாய்ந்து நின்றது. அந்த மரத்தில் ஒரு செம்முதுகு மரங்கொத்தி குடும்பம் நடத்தியது. பறவை இந்த மண்ணுக்கே உரியதானால் மரத்தில் கை வைக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து வந்ததானால் வெட்டிவிடலாம். முடிவு எங்கள் கையில் இருந்தது.

"மழை புடிக்கிறதுக்கு முன்ன வெட்டித் தாங்கய்யா. புள்ள படுக்கிற எடத்துக்கு நேரா சாஞ்சி நிக்குது" என்றாள் பாலம்மா.

"அவசரப்படாதீங்கம்மா, இது விஞ்ஞானம்" என்றார் தலைவர் செல்லச்சாமி.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஒருநாள் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து கடை போட்டார். இன்று தலைவரிடம் சொந்த ஊர் எதுவென்று கேட்டால் "தலைமுறை தலைமுறையா கண்டிதான்" என்பார். லட்சக்கணக்கான வருடங்கள் பிடிக்கும் பரிணாமத்தை ஒரே பஸ் டிக்கட்டில் முடித்த குடும்பம் அது. இந்தத் தலைவர் கதிரைக்கு அவரை விட்டால் யார்?

முதல் கூட்டத்தில், தேநீரோடு கடிக்க ரோல்ஸா, பெட்டிஸா என்பது ஆராயப்பட்டது. இரண்டாவது கூட்டத்தில் இரண்டும் என்று தீர்மானமானது. அதன் பிறகு 'கள விஜயம்' போனோம். வான் வண்டியை விட்டு இறங்காமலே மரத்தைப் பார்வையிட்டோம். சாரதி இறங்கி ஓர் இறகைப் பொறுக்கி வந்தார். அது மரபணுப் பரிசோதனைக்குப் போனது.

முடிவை விளக்கியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பறவையியல் கலாநிதி நிரஞ்சனி.

"ஓம், வடக்கில இருக்கிற பொன்முதுகு மரங்கொத்தியும் இதுவும் கிட்டின சொந்தம். மரபணுவில வித்தியாசம் கொஞ்சந்தான். ரெண்டும் சந்திக்கிற இடத்தில கலந்தும் குஞ்சு பொரிக்குது. இதின்ர மூதாதையும் இந்தியாவில இருந்துதான் வந்தது. ஆனா வந்து கனகாலம் இங்கயே இருந்து மாறிப்போச்சு. இப்ப இது உலகத்தில வேற எங்கயும் இல்லை."

தலைவர் உணர்ச்சிவசப்பட்டு மேசையில் தட்டினார்.

"அப்ப, எங்கேருந்து வந்ததுங்கிறது முக்கியமில்ல. வந்து இங்க இருந்துச்சு பாருங்க, அதுதான் முக்கியம்! இது நம்ம மண்ணுக்குரிய பறவை!"

கரகோஷம் எழுந்தது. தீர்ப்பைக் கேட்க வந்து வாசலில் நின்ற பாலம்மாவின் முகமும் மலர்ந்தது.

"அப்ப எங்களுக்கும் ஒரு துண்டு காணி கெடைக்குமாய்யா? நாங்களும் இந்தியாவுலேருந்து வந்து இருநூறு வருசமாச்சே. காணி இருந்தா அந்த மரத்துக்கு அடியில ஏன் கெடக்கப்போறோம்?"

தலைவர் கனிவோடு சிரித்தார். "குருவிக்கு லட்சக்கணக்கான வருசம் எடுத்திருக்கும்மா. உங்களுக்கு இருநூறு போயிட்டது. மிச்சத்தையும் பொறுத்துக்குங்க."

மரம் பாதுகாக்கப்பட்டது. ஐப்பசி மழையும் வந்தது. ஒரு பின்னேரம், பாலம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, மரம் கூரையோடு சேர்த்துக் காம்பராவை நசுக்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து உள்ளே இருந்த மகளுக்கு இரண்டு கால்களும் முறிந்தன. பிள்ளை இப்போது கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

நாங்கள் அவசரக் கூட்டம் கூட்டினோம். பொந்திலிருந்த முட்டைகள் உடைந்துபோன செய்தியைக் கேட்டுத் தலைவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம்.

உட்கார்ந்ததும், "அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யிறது?" என்று நிரஞ்சனி மெதுவாகக் கேட்டார்.

"நாம பூர்வீகக் குடிகளைத்தானே பாக்குறோம், டொக்டர்" என்றார் தலைவர்.

எங்கள் குழுவின் ஒழுங்கு அப்படிப்பட்டது. இந்த மண்ணுக்குரிய முட்டைகளுக்காக எழுந்து நின்றோம். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்காக, விதிமுறையில் இடமில்லாத காரணத்தால், என்னையும் சேர்த்து ஒருவரும் எழவில்லை.