சர்பத்துக்கும் நூற்றுப்பன்னிரண்டு

மீட்டர் சாமியார் வீட்டு வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. எல்லாரும் சர்க்கரை நோயாளிகள். பக்கத்திலேயே சர்பத் கடை. வெயிலுக்கு ஆளுக்கொரு கிளாஸ் குடித்துவிட்டு உள்ளே போனார்கள். எதைக் குடித்தால் என்ன, சாமியார்தான் இருக்கிறாரே!

சாமியார் நவீனமானவர். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் தொட்டு, சர்க்கரை அளக்கும் மீட்டரில் செருகுவார். மந்திரம் முணுமுணுப்பார். மீட்டரை நெஞ்சோடு அணைத்து, பட்டையை உருவிவிட்டுக் காட்டுவார். நூற்றுப்பன்னிரண்டு, அளவான சர்க்கரை!

"மனுசன் பொய் சொல்லலாம், மெஷின் பொய் சொல்லுமா?" என்று ஜனம் புல்லரித்தது.

தையல்காரர் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் செய்த புண் ஆறவில்லை. ஊர்த்துணியெல்லாம் தைக்கும் கணவர், அந்த ஒரு தையலைப் பார்த்து விழித்தார். சர்க்கரை முந்நூறைத் தாண்டியதால் டாக்டர் கீமோவைத் தள்ளிவைத்தார். "இந்தச் சர்க்கரையோட மருந்து ஏத்தினா கிருமி தொத்திக்கும்மா. இன்சுலின விடாம போடுங்க."

சாமியாரோ, "நூத்திப்பன்னெண்டுக்கு எதுக்கும்மா ஊசி? தூக்கிப் போடு" என்றார். தூக்கிப் போட்டாள். அடுத்த கீமோ தேதியும் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரி மெஷினில்தான் கோளாறாம்!

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புண்ணு ஆறல, காய்ச்சல் வேற. அந்தாளு மீட்டர்ல மட்டும் சரியாப் போச்சா, அண்ணி? வாங்க என்கூட."

நாத்தனார் தன் விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு சாமியார் முன் உட்கார்ந்தாள். "நானே குத்திட்டேங்க, சீக்கிரம் பாருங்க."

சிவப்பாக ஒரு சொட்டு. மந்திரம். அணைப்பு. நூற்றுப்பன்னிரண்டு.

"உனக்கும் இறங்கிடுச்சும்மா!"

"எனக்கில்லீங்க, சர்பத்துக்கு." பஞ்சைப் பிரித்தாள். சிவப்புச் சர்பத் சொட்டியது.

முதலில் பதறியவர், வாசலில் எட்டிப் பார்த்த சர்பத் கடைக்காரர். "ஐயையோ! என் சர்பத்துல சர்க்கரையே இல்லியா?"

நாத்தனார் மீட்டரைப் பிடுங்கினாள். "இந்தப் பொத்தான அமுக்கினா பழைய அளவு வரும். எவருக்கோ என்னைக்கோ பாத்தத ஊருக்கே காட்டுறாரு!"

தன் மீட்டரில் அண்ணியின் விரலைச் சோதித்தாள். முந்நூற்று நாற்பத்தெட்டு.

"அஞ்சு வாரம் போச்சேடி" என்று அவள் அழுதாள். சாமியார் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார்.

அன்றே இன்சுலின் திரும்பியது. சர்க்கரை இறங்கி, புண் ஆறி, கீமோ ஏற மேலும் மூன்று வாரம். போன ஐந்து வாரத்தைத் திருப்பித் தரும் பொத்தான் எந்த மெஷினிலும் இல்லை.

மெஷின் பொய் சொல்லாதுதான். அடுத்த முறை நம்பரைப் பார்த்து வாய் பிளக்குமுன், பொத்தானை அமுக்கும் கட்டைவிரலையும் கொஞ்சம் பாருங்கள், புண்ணியவான்களே!