இது பிரிண்டரா, ஜெராக்ஸ் மெஷினா?

மனிதர்களை இனம் பிரிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் இனம் பிரிப்பவர்கள் என்றே ஓர் இனம் இருக்கும்போது நான் என்ன செய்ய?

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். குற்றாலத்தில் ஊரே நனைந்துகொண்டு நிற்க, அவர் மட்டும் உள்ளங்கையை நீட்டி, விழுவது சாரலா மழையா என்று தீர்மானித்த பிறகுதான் குடையை விரிப்பார்; ஐந்தருவிக்குக் குளிக்க வந்துவிட்டு, அது ஓர் அருவியா ஐந்து அருவியா என்று கேட்டு வரிசையையே நிறுத்துவார்; கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று தெரியாமல் சாம்பாரில் கை வைக்க மாட்டார். இரண்டு வீட்டுக்கும் சொந்தம் என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இவர் பந்தியோடு நின்றால் பரவாயில்லை. வரி அலுவலகத்தில் அதிகாரியாக உட்கார்ந்தால்?

ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய வருடங்கள். என் தங்கை குழல்வாய்மொழி தென்காசியில் அலுவலக இயந்திரங்கள் விற்கும் கடையைத் தனி ஆளாக நடத்துகிறாள். லாட்ஜ், பள்ளிக்கூடம், வக்கீல் ஆபீஸ் என்று பதினான்கு இடங்களுக்கு ஆல்-இன்-ஒன் இயந்திரம் விற்றிருந்தாள். கணினியோடு சேர்ந்த பிரிண்டர் என்றால் வரி குறைவு. நகலெடுக்கும் ஜெராக்ஸ் மெஷின் என்றால் அதிகம். அவள் பிரிண்டர் என்று பில் போட்டிருந்தாள். வரி அதிகாரி தாணு சார் கடைக்குச் சோதனைக்கு வந்தார்.

"இது என்னம்மா செய்யும்?"

"பிரிண்ட் எடுக்கும், காப்பி எடுக்கும், ஸ்கேன் பண்ணும், பேக்ஸ் அனுப்பும் சார்."

"நாலு சொல்லுதியே. ஒண்ணு சொல்லு."

"நாலும் செய்யுது சார். நான் என்ன செய்ய?"

"கம்ப்யூட்டர் இல்லாம காப்பி எடுக்குதுல்லா? அப்ப ஜெராக்ஸ் மெஷினு."

"கம்ப்யூட்டர்ல மாட்டுனா பிரிண்டும் எடுக்குதே சார்?"

"அது உபரி."

முடிந்தது. பதினான்கு இயந்திரங்களுக்கும் வித்தியாசத்தை அவள்தான் கட்ட வேண்டும். கட்டினால் கடையின் ஷட்டரை இறக்கிவிடலாம்.

விசாரணைக்கு நானும் போனேன். பதினான்கு பில்லையும் தேதிவாரியாக அடுக்கி, ஓரத்தில் எண் போட்டு நான்தான் கொண்டுபோனேன். தாணு சார் ஒன்றையும் பிரிக்கவில்லை. உத்தரவு ஏற்கெனவே தயார்.

"ஏலே கிங்ஸ்லி, அந்த ஆர்டரைக் கொண்டு வாடே!" என்று குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"பேப்பர் சிக்கிட்டு சார்."

"அந்தப் பிரிண்டரோட ஒரே ரோதனையாப் போச்சு! ஆஃப் பண்ணிட்டுப் போடுலே!"

என் தங்கை எழுந்தாள். மூலையில் இருந்தது அதே ஆல்-இன்-ஒன். பின்கதவைத் திறந்தாள், கசங்கிய தாளைக் கிழியாமல் உருவினாள், மறுபடி ஓட விட்டாள். 'மேற்படி இயந்திரம் நகலெடுக்கும் இயந்திரமே' என்று அறிவித்தபடி உத்தரவு வந்து விழுந்தது.

"சார், இதை உங்க ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என்னன்னு ஏத்தியிருக்கிய?"

கிங்ஸ்லி ரிஜிஸ்டரைப் பிரித்தார். "கம்ப்யூட்டர் பிரிண்டர், ஒண்ணு. உங்க கையெழுத்துதான் சார்."

தாணு சார் ரிஜிஸ்டரைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார். ஒரே மாதிரி இரண்டு பொருளுக்கு இரண்டு பெயரா? எந்த மேலதிகாரி திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பார். இதை அவரால் தாங்க முடியவில்லை. உத்தரவை நான்காகக் கிழித்தார். துண்டுகள்கூட ஒரே அளவு.

வாசல்வரை வந்துவிட்டோம். பின்னாலேயே குரல் வந்தது.

"ஏம்மா, பேப்பரை அவ்வளவு லேசா எடுத்தியே, நீ கடைக்காரியா, மெக்கானிக்கா?"

"ரெண்டும்தான் சார்."

"ஒண்ணு சொல்லு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் செங்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மனிதரிடம், இலஞ்சி வருவதற்குள் 'எந்த ஊரு, யாரு வீடு?' என்று கேட்டு அவரை ஒரு கட்டத்துக்குள் எழுதிவிட்டு, அதன் பிறகே நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தவர் யார்? அது போகட்டும். இதுவரை வாசித்தீர்களே, நடுவில் ஒரு தடவையாவது, இது கதையா, கட்டுரையா, இல்லை தங்கச்சி கடைக்கு அண்ணன் போட்ட விளம்பரமா என்று யோசித்தீர்களா, இல்லையா?

ஒண்ணு சொல்லுங்க.